இரவையும் பகலையும் அளந்த அறிஞர் அபூ ரைஹான் அல்பீரூனீ (ரஹ்)

அல்லாஹு தஆலா இரவையும் பகலையும் தன் வல்லமைக்கு அத்தாட்சிகளாக ஆக்கியிருக்கிறான். இரவைப் பகலில் புகுத்துவதும் பகலை இரவில் புகுத்துவதும் அவன் செயலே என்று திருமறை பல இடங்களில் நினைவூட்டுகிறது. ஸூரத்துர் ரஹ்மானில் இரண்டு கிழக்குகளும் இரண்டு மேற்குகளும் பேசப்படுகின்றன. கோடையில் சூரியன் உதிக்கும் எல்லையும் குளிர்காலத்தில் உதிக்கும் எல்லையுமே அந்த இரண்டு கிழக்குகள் என முஃபஸ்ஸிரீன்கள் விளக்கம் தந்திருக்கின்றனர்.

இந்த ஆயத்துகளை நாம் ஓதுகிறோம். ஆனால், பகல் ஏன் ஒரு காலத்தில் நீள்கிறது, ஏன் ஒரு காலத்தில் சுருங்குகிறது என்று நம் வீட்டுப் பிள்ளை கேட்டால் பதில் சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு முடியும்? பள்ளிவாசல் சுவரில் தொங்கும் வக்து அட்டவணையைப் பார்த்துத் தொழுகிறோம்; சஹரையும் இஃப்தாரையும் அதைப் பார்த்தே முடிவு செய்கிறோம். அந்த அட்டவணையின் எண்கள் எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நிழலை அளந்து, சூரியனின் உயரத்தை அளந்து, இரவு பகல் சமமாகும் நாளைக் கணித்து, அதற்காகவே தம் ஆயுளைச் செலவிட்ட பெருமக்கள் அந்த எண்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவர்களுள் முன்வரிசையில் நிற்கும் ஒருவரின் வரலாற்றை இம்மாதம் நாம் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பீரூனீ அவர்கள் ஹிஜ்ரி 362 துல்ஹஜ் மாதம், கி.பி. 973 செப்டம்பரில் குவாரிஸ்ம் நாட்டில் பிறந்தார்கள். ஆரல் கடலுக்குத் தெற்கே ஆமூ நதி பாயும் அந்நாட்டின் பழைய தலைநகர் காத். இன்று அது உஸ்பெகிஸ்தானில் சேர்ந்திருக்கிறது. அவ்விடத்து ஊர் ஒன்று இப்பெரியாரின் பெயராலேயே பீரூனீ என்று வழங்குகிறது. பாரசீகத்தில் பீரூன் என்றால் வெளிப்புறம். நகரின் புறப்பகுதியில் பிறந்ததால் இப்பெயர் வந்தது என்பர்.

குவாரிஸ்மின் பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த அபூ நஸ்ர் மன்ஸூர் என்னும் கணித மேதையே இவர்களின் ஆசான். அரச குடும்பத்தவர் என்றாலும் அவர் அரியணையை விட அறிவையே பெரிதாக நேசித்தவர். அவரிடம் பாடம் பயின்ற அல்பீரூனீ அவர்கள், சுமார் பதினேழு வயதிலேயே சூரியனின் நண்பகல் உயரத்தை ஒரு வளையக் கருவியால் அளந்து, தம் ஊரின் அட்சரேகையைக் கணித்தார்கள். அது கி.பி. 990ஆம் ஆண்டு.

இங்கே ஒரு விஷயத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டில் இரண்டு நாட்கள் இரவும் பகலும் சமமாக வருகின்றன. நம் காலத்து நாட்காட்டியில் அவை மார்ச் 20ஐயும் செப்டம்பர் 23ஐயும் ஒட்டி வரும். அரபியில் இதை இஃதிதால் என்பர்; நாம் சம இராப்பகல் நாள் என்போம். அந்நாளில் நண்பகல் சூரியன் ஓர் ஊரின் தலைக்கு நேர் உச்சியிலிருந்து எத்தனை பாகை சாய்ந்து நிற்கிறதோ, அதுவே அவ்வூரின் அட்சரேகை. பூமத்திய ரேகையிலிருந்து அவ்வூர் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அது காட்டிவிடும். ஆகவே, வானை அளப்பவருக்கு இந்தச் சம நாள்தான் தராசின் முள்ளைப் போன்றது. முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் இரண்டு தட்டுகளின் ஏற்றத்தாழ்வும் தெரியும்.

போரும் வறுமையும்

கி.பி. 995இல் அவர்கள் பதினைந்து முழ விட்டமுள்ள பெரியதொரு வளையத்தை ஆயத்தம் செய்து, கோடையின் மிக நீண்ட பகலைக் காத் நகருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து அளந்தார்கள். மேலும் அளக்க அவகாசம் கிடைக்கவில்லை. அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. பழைய அரச வம்சம் அழிந்தது. இருபத்திரண்டு வயது இளைஞரான அல்பீரூனீ அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிர் தப்பி ஓட நேர்ந்தது.

ரை நகரில் வறுமையில் வாடிய நாட்களைப் பற்றி அவர்களே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்கள். அவ்வூர் வானியலார் ஒருவர், கல்வியில் இவர்களுக்கு மிகத் தாழ்ந்தவர். ஆயினும் இவர்களின் ஏழ்மையைக் கண்டு ஏளனம் செய்தார். பின்னர் இவர்களின் நிலை சற்று உயர்ந்ததும் அதே மனிதர் நண்பராகி நெருங்கி வந்தார்! காசைக் கொண்டு கல்வியை எடைபோடும் வழக்கம் அக்காலத்திலும் இருந்தது.

அதே நகரில்தான் அல்குஜந்தீ என்னும் அறிஞர் கி.பி. 994இல் பிரம்மாண்டமான ஒரு கருவியைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, சூரியப் பாதையின் சாய்வை அளந்திருந்தார். முன்னோர் கண்ட அளவை விட அவருக்குக் குறைவான எண் கிடைத்தது. ஆகவே, சாய்வு காலப்போக்கில் குறைந்து வருகிறது என்று அவர் எண்ணினார். அல்பீரூனீ அவர்கள் அவரையே சந்தித்து விசாரித்தார்கள். கோடையில் ஓர் அளவும் குளிர்காலத்தில் ஓர் அளவும் எடுத்த அந்த இடைவெளியில், கருவியில் வெயில் நுழையும் துவாரம் ஏறத்தாழ ஒரு சாண் அளவு கீழே இறங்கிவிட்டது என்று அல்குஜந்தீயே அவர்களிடம் ஒப்புக்கொண்டார். எண் குறைந்ததற்குக் காரணம் கட்டடம் தாழ்ந்ததே என்று அல்பீரூனீ அவர்கள் தெளிவாகப் பதிவு செய்தார்கள்.

சாய்வு மிக மெல்லக் குறைந்து வருவது உண்மைதான் என்று இன்றைய விஞ்ஞானம் கூறுகிறது. ஆனால், அல்குஜந்தீயின் அளவு அதற்குச் சான்றாகாது. ஒரு கருத்து பின்னால் சரியாகிப் போனாலும், தவறான சாட்சியை வைத்து அதை நிறுவக்கூடாது என்பதே அல்பீரூனீ அவர்களின் நெறி. ஹதீஸ்கலை இமாம்கள் அறிவிப்பாளரை நிறுத்துப் பார்த்ததைப் போல், இவர்கள் கருவியை நிறுத்துப் பார்த்தார்கள்!

கி.பி. 997 மே 24 அன்று சந்திர கிரகணம் ஏற்பட்டது. இவர்கள் காத் நகரிலும், அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ பக்தாதிலும் முன்னேற்பாட்டின்படி ஒரே கிரகணத்தைப் பார்த்து, இரு ஊர்களுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைக் கண்டறிந்தனர். கம்பியும் வானொலியும் இல்லாத காலத்தில் வானத்தையே கடிகாரமாக வைத்து இரு அறிஞர்கள் செய்த வேலை அது.

ஏறத்தாழ கி.பி. 1000இல் ஜுர்ஜான் மன்னர் காபூஸின் ஆதரவில் அல்ஆஸாருல் பாகியா என்னும் நூலை எழுதினார்கள். பல சமூகத்தாரின் ஆண்டுக் கணக்குகளையும் பெருநாட்களையும் ஆராயும் அந்நூல், பகல் என்றால் என்ன, இரவு என்றால் என்ன, நாள் எப்போது தொடங்குகிறது என்னும் வினாக்களோடு ஆரம்பமாகிறது. சூரியன் உதிப்பதிலிருந்து பகலைக் கணக்கிடுவது வானியலார் வழக்கம். நோன்பாளிக்கோ ஃபஜ்ரின் வெளிச்சத்திலிருந்தே கட்டுப்பாடு தொடங்குகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்தறிய வேண்டும் என்பதில் அவர்கள் மிகக் கவனமாக இருந்தார்கள்.

கஸ்னாவில் வாழ்ந்த காலம்

தாயகம் திரும்பி, ஜுர்ஜானிய்யா நகரில் மஃமூன் மன்னரின் அவையில் சில ஆண்டுகள் மதிப்போடு வாழ்ந்தார்கள். கி.பி. 1016இல் அங்கிருந்தும் சூரியனின் நண்பகல் உயரத்தைப் பலமுறை அளந்தார்கள். மறு ஆண்டில் படையினரின் கலகத்தில் மன்னர் கொலையுண்டார். ஸுல்தான் மஹ்மூத் கஸ்னவீ படையெடுத்து வந்து குவாரிஸ்மைக் கைப்பற்றினார். அல்பீரூனீ அவர்களும், ஆசான் அபூ நஸ்ர் மன்ஸூரும் கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இவர்களோடு பிடிபட்ட அப்துஸ் ஸமத் என்னும் மற்றோர் ஆசிரியர் மார்க்க விரோதி என்று குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டதாகவும், வானியல் கலையில் இணையற்றவர் என்று ஸுல்தானிடம் எடுத்துச் சொல்லப்பட்டதாலேயே அல்பீரூனீ அவர்கள் உயிர் பிழைத்ததாகவும் வரலாற்றாசிரியர் யாகூத் பதிவு செய்கிறார். இந்தச் செய்தியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் நிகழ்ச்சிக்கு இது தேவைப்படும்.

சிறைப்பட்டவரைப் போன்ற நிலை, கையில் கருவி இல்லை, மனதில் வேதனை. கி.பி. 1018 அக்டோபர் 14 அன்று காபூல் அருகே ஜைஃபூர் என்னும் கிராமத்தில் இருந்த அவர்கள், கணக்குப் போடும் பலகையின் பின்பக்கத்தில் வட்டத்தின் ஒரு பகுதியை வரைந்து, பாகைகளைக் குறித்து, நூல்குண்டு தொங்கவிட்டுச் சூரியனின் உயரத்தை அளந்தார்கள். வசதி வந்த பிறகு செய்வோம் என்று நற்காரியங்களை ஒத்திப்போடும் நமக்கு இதில் படிப்பினை உண்டு.

பின்னர் கஸ்னாவில் நிலைமை சீரடைந்தது. யமீனுத் தௌலா என்பது ஸுல்தானின் பட்டம். அதனால் யமீனீ வளையம் எனப் பெயர் பெற்ற கருவியை நிறுவி, 1018 முதல் 1020 வரை சம இராப்பகல் நாட்களையும் மிக நீண்ட பகலையும் மிகக் குறுகிய பகலையும் கண்காணித்தார்கள்.

அவர்கள் கையாண்ட முறையை எளிதாகவே புரிந்துகொள்ளலாம். கஸ்னாவின் அட்சரேகை 33 பாகை 35 கலை என்றும், சூரியப் பாதையின் சாய்வு 23 பாகை 35 கலை என்றும் அவர்கள் கண்டார்கள். ஒரு பாகைக்கு 60 கலை. இதன்படி கோடையின் உச்ச நாளில் நண்பகல் சூரியன் அவ்வூரில் 80 பாகை உயரத்தில் நிற்கும். குளிர்காலத்தின் கடைசி எல்லையில் 32 பாகை 50 கலை உயரத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவான 56 பாகை 25 கலைதான் சம இராப்பகல் நாளின் உயரம். அந்த உயரத்தை 90இலிருந்து கழித்தால் அட்சரேகை வந்துவிடும். கோடை உயரத்துக்கும் குளிர்கால உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி எடுத்தால் சாய்வு வந்துவிடும். அட்சரேகையையும் சாய்வையும் பற்றி இன்றைய கருவிகள் தரும் அளவுக்கும் அவர்கள் தந்த எண்களுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சொற்பமே.

இந்த எண்கள் நேராகத் தொழுகைக்கு வந்து சேர்கின்றன. பன்னிரண்டு விரல் நீளமுள்ள ஒரு குச்சியைக் கஸ்னாவில் நட்டால், கோடை உச்சத்தில் அதன் நண்பகல் நிழல் சுமார் 2 விரல். சம இராப்பகல் நாளில் சுமார் 8 விரல். குளிர்காலக் கடையில் பதினெட்டு விரலுக்கும் மேல். அஸர் வக்தை அறிய இந்த நண்பகல் நிழலோடு குச்சியின் நீளத்தையும் கூட்ட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு மடங்கு. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான சொல்லின்படி இரண்டு மடங்கு. நண்பகல் நிழலின் அளவு தெரியாதவன் அஸரை எப்படி அறிவான்? இதற்காகவே அல்பீரூனீ அவர்கள் நிழல்களைப் பற்றித் தனி நூலொன்று எழுதினார்கள். கி.பி. 1025இல் முடித்த தஹ்தீத் என்னும் நூலிலோ, ஊர்களின் இருப்பிடத்தைக் கணித்துக் கஸ்னாவின் கிப்லாவை நிறுவினார்கள்.

தூதர் சொன்ன செய்தி

ஒருநாள் துருக்கியரின் தொலைதூர நாட்டிலிருந்து ஸுல்தான் மஹ்மூதின் அவைக்கு ஒரு தூதர் வந்தார். கடலுக்கு அப்பால் துருவத்தை ஒட்டிய நிலத்தில் தாம் கண்டதை அவர் விவரித்தார். அங்கே சூரியன் மறையாமல் பூமிக்கு மேலேயே சுற்றி வந்ததாகவும், இரவே இல்லாமற் போனதாகவும் சொன்னார்.

ஸுல்தானுக்குக் கடுங்கோபம் வந்தது. இரவில்லாத நாடா? சூரியன் மறையாவிட்டால் மஃரிப் ஏது, இஷா ஏது? இது மார்க்கத்தை மறுப்பவரின் பேச்சு, கர்மதீ என்னும் வழிகெட்ட கூட்டத்தாரின் கொள்கை என்று அவர் கருதினார். அந்த அவையில் அத்தகைய குற்றச்சாட்டின் முடிவு என்னவாகும் என்பதை அப்துஸ் ஸமதின் கதி முன்பே காட்டியிருந்தது. ஒரு பாவமும் அறியாத தூதரின் தலை அப்போது கத்தியின் கீழ் இருந்தது.

அவையிலிருந்த அபூ நஸ்ர் மிஷ்கான், இம்மனிதர் தம் சொந்தக் கருத்தைக் கூறவில்லை, கண்ணால் கண்டதையே கூறுகிறார் என்று பரிந்து பேசி, சூரியனிலிருந்து மறைப்பு ஏதும் இல்லாத ஒரு கூட்டத்தாரை துல்கர்னைன் கண்டதாக வரும் ஸூரத்துல் கஹ்ஃபின் ஆயத்தை நினைவூட்டினார். ஸுல்தான் அல்பீரூனீ அவர்களின் பக்கம் திரும்பி, இதைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று கேட்டார். அவர்கள் சுருக்கமாகவும் மனம் ஏற்கும் வகையிலும் காரணத்தை எடுத்துரைத்தார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது.

எண்ணிப் பாருங்கள்! தூதரின் சொல்லில் பொய்யில்லை. ஸுல்தானின் மார்க்கப் பற்றிலும் குறையில்லை. இடையில் இல்லாதிருந்தது அறிவு ஒன்றுதான். அந்த அறிவு அவையில் இருந்திராவிட்டால் உண்மை பேசிய ஒருவர், உண்மை பேசிய குற்றத்துக்காகவே, மார்க்கத்தின் பெயரால் தண்டிக்கப்பட்டிருப்பார்.

நீரும் குச்சியும் மூன்று வளையல்களும்

அந்தக் காரணத்தை நம் வீட்டிலேயே நாம் செய்து பார்க்கலாம். மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து, ஒரே அளவான மூன்று வளையல்களை அதில் கோத்து, அவற்றின் மையம் குச்சியிலேயே இருக்கும்படி நூலால் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்று குச்சியின் நடுவில். மற்ற இரண்டும் அதற்கு இரு பக்கமும் சற்றுத் தள்ளி. வளையல்கள் குச்சிக்குக் குறுக்காக நிற்கட்டும். நடு வளையல் சம இராப்பகல் நாளில் சூரியன் வானில் சுற்றும் வட்டம். மேல் வளையல் கோடை உச்ச நாளின் வட்டம். கீழ் வளையல் குளிர்கால எல்லையின் வட்டம்.

இனி, அகன்ற பாத்திரத்து நீரில், குச்சியின் நடுப்பகுதி நீர்மட்டத்தில் இருக்குமாறு பிடியுங்கள். நீர்மட்டம்தான் அடிவானம். நீருக்கு மேலே தெரியும் பாகம் பகல். நீருக்குள் மூழ்கிய பாகம் இரவு.

குச்சியை நீர்மேல் படுக்க வைத்தால் மூன்று வளையல்களும் சரிபாதி மூழ்கும். இது பூமத்திய ரேகையில் வாழ்வோரின் நிலை. அவர்களுக்கு ஆண்டு முழுதும் இரவும் பகலும் ஏறக்குறைய சமமே. குச்சியின் ஒரு முனையைச் சற்று உயர்த்துங்கள். நடு வளையல் இப்போதும் பாதி வெளியே, பாதி உள்ளே. ஆகவேதான் சம நாளில் உலகெங்கும் பகலும் இரவும் சமம். ஆனால் மேல் வளையல் பாதிக்கு மேல் வெளியே வந்துவிடும். கீழ் வளையல் பாதிக்கு மேல் மூழ்கிவிடும். முனையை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு இந்த ஏற்றத்தாழ்வும் பெருகும். அந்த உயர்வுதான் ஊரின் அட்சரேகை.

குச்சியைச் செங்குத்தாக நிறுத்தினால் அது துருவத்தின் நிலை. மேல் வளையல் முழுதும் நீருக்கு வெளியே! அதன் எந்தப் பாகமும் மூழ்கவில்லை, இரவே இல்லை. கீழ் வளையல் முழுதும் நீருக்குள். அங்கே பகலே இல்லை. தூதர் பார்த்தது மேல் வளையலின் நிலையைத்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மிக நீண்ட பகல் சென்னையில் சுமார் 12 மணி 54 நிமிடம். கஸ்னாவில் சுமார் 14 மணி 23 நிமிடம். அல்பீரூனீ அவர்கள் பிறந்த காத் நகரில் சுமார் 15 மணி 12 நிமிடம். லண்டனில் சுமார் 16 மணி 38 நிமிடம். சம நாளில் மட்டும் நான்கு ஊர்களிலும் 12 மணியும் சில நிமிடங்களும். சூரியனின் மேல் விளிம்பு தெரிவதையே உதயம் என்பதாலும், காற்று மண்டலம் ஒளியை வளைத்துக் காட்டுவதாலும் அந்தச் சில நிமிடங்கள் கூடுகின்றன.

இதிலே ரப்புல் ஆலமீனின் நீதியும் தெரிகிறது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டை விடச் சுமார் 11 நாள் குறைவு. ஆகவே ரமலான் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2015இல் ரமலான் ஜூன் 18ஐ ஒட்டித் தொடங்கியது. வடநாட்டு முஸ்லிம்கள் மிக நீண்ட நோன்புகளை நோற்றனர். 2024இல் அது மார்ச் 11ஐ ஒட்டித் தொடங்கியது. சம நாள் அம்மாதத்திற்குள்ளேயே வந்ததால் உலக முஸ்லிம்களின் நோன்பு நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி நின்றன. இந்தச் சுழற்சியால் நீண்ட பகலின் சிரமம் எந்த ஒரு நாட்டாருக்கும் நிரந்தரமாக அமைந்துவிடுவதில்லை.

ரோமானிய மாதங்களும் ஓர் ஆட்சேபமும்

தொழுகை நேரங்களை அறிய உதவும் ஒரு கருவியை அல்பீரூனீ அவர்கள் காட்டியபோது நடந்த ஒரு நிகழ்ச்சியை நிழல்களைப் பற்றிய நூலில் குறிப்பிடுகிறார்கள். அக்கருவியில் ரோமானிய மாதங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. மார்க்கப் பற்று மிகுந்த, ஆனால் கல்வி குறைந்த ஒருவர், இது காஃபிர்களுக்கு ஒப்பாகும் செயல் என்று சொல்லி அதை ஏற்க மறுத்தார். ரோமானியர் உணவும் உண்கிறார்களே, அப்படியானால் அதிலும் நீர் அவர்களுக்கு ஒப்பாகாமல் இருக்க வேண்டுமே என்ற கருத்தில் அவர்கள் பதில் அளித்தார்கள்.

அந்தக் கருவியில் ஏன் ஹிஜ்ரி மாதங்களைப் பொறிக்கவில்லை? காரணம் எளியது. லுஹரும் அஸரும் மஃரிபும் சூரியனைச் சார்ந்தவை. ஹிஜ்ரி மாதங்கள் சந்திரனைச் சார்ந்தவை. அவை பருவங்களின் ஊடே நகர்ந்துகொண்டே இருக்கும். முஹர்ரம் முதல் நாளின் அஸர் நேரம் இவ்வாண்டு ஒன்று. பத்தாண்டுகள் கழித்து வேறொன்று. சூரிய மாதங்களில் எழுதினால்தான் ஆண்டுதோறும் பயன்படும். நம் பள்ளிவாசல் அட்டவணைகள் ஜனவரி, பிப்ரவரி என்று போடப்பட்டிருப்பதும் இதனால்தான். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் சந்திரன், தொழுகைக்குச் சூரியன் என்று இரண்டையும் நமக்குக் கணக்காக்கித் தந்தவன் அல்லாஹ்வே. ஸூரா யூனுஸில் இரண்டையும் அவன் சேர்த்தே சொல்கிறான்.

ஸுல்தான் மஸ்ஊதின் கேள்வி

கி.பி. 1030இல் ஸுல்தான் மஹ்மூத் மறைந்தார். அவ்வாண்டில்தான் இந்திய மக்களின் கல்வியையும் சமயங்களையும் நடுநிலையோடு விவரிக்கும் புகழ்பெற்ற நூலை அல்பீரூனீ அவர்கள் நிறைவு செய்தார்கள். மஹ்மூதின் மகன் மஸ்ஊத் அரியணைக்கு வந்தார். தந்தையின் அவையில் எழுந்த அதே கேள்வி மகனின் உள்ளத்திலும் இருந்தது. ஊருக்கு ஊர் இரவு பகலின் அளவு ஏன் மாறுகிறது என்று அவர் கேட்டார்.

அவருக்காக அல்பீரூனீ அவர்கள் ஒரு நூல் எழுதினார்கள். இரவு பகலின் அளவை, வானியலாரின் கலைச்சொற்களைத் தவிர்த்து, கலை பயிலாதவரும் விளங்கும் நடையில் அது விளக்கியது என்று யாகூத் கூறுகிறார். தம் காலத்தில் ஈடில்லாத அறிஞர் ஒருவர், பாமரருக்கும் புரியும்படி எழுதுவதைத் தமக்குக் குறைவாக எண்ணவில்லை! இதற்கு முன் 1029இல் தஃப்ஹீம் என்னும் நூலைக் கேள்வி பதில் முறையில் எழுதியிருந்தார்கள். ஹஸன் என்பவரின் மகளான ரைஹானா என்ற குவாரிஸ்ம் பெண்மணிக்காக எழுதப்பட்டது அது. கணிதமும் வானமும் பெண்களுக்கு எதற்கு என்று கேட்கும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சஹரின் கடைசி நேரத்தை வீட்டில் எல்லோருக்கும் முன்னால் கவனிப்பவர் தாயல்லவா?

மஸ்ஊதின் பெயரால் அவர்கள் இயற்றிய அல்கானூனுல் மஸ்ஊதீ, பதினொரு பெரும் பகுதிகள் கொண்ட வானியல் களஞ்சியம். அதற்குப் பரிசாக ஸுல்தான் ஒரு யானை சுமக்கும் அளவு வெள்ளியை அனுப்பியதாகவும், தமக்குத் தேவையில்லை என்று அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. ரை நகரில் ஏழ்மைக்காக ஏளனம் செய்யப்பட்ட அதே மனிதர்தான் இவர்கள்!

சூரியன் மறையாத ஊரில் தொழுகை

தூதரின் செய்தி இன்று வெறும் வியப்புக்குரிய கதையாக இல்லை. நார்வே நாட்டின் ட்ரம்ஸோ போன்ற வடகோடி நகரங்களில் மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. அங்கும் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள், தொழுகிறார்கள்.

இதற்குரிய வழிகாட்டுதல் நபி (ஸல்) அவர்களின் வாக்கிலேயே இருக்கிறது. தஜ்ஜாலின் காலத்தில் ஒருநாள் ஓராண்டைப் போல் நீளும் என்று அவர்கள் அறிவித்தபோது, அந்நாளில் ஒருநாள் தொழுகை போதுமா என்று ஸஹாபாக்கள் கேட்டனர். போதாது, அதற்குரிய அளவைக் கணித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் நவ்வாஸ் இப்னு ஸம்ஆன் (ரலி) அவர்களின் அறிவிப்பு வருகிறது. இதை ஆதாரமாகக் கொண்டே, இரவும் பகலும் பிரிந்து தெரியும் அருகிலுள்ள ஊரின் நேரத்தையோ மக்காவின் நேரத்தையோ கணக்கிட்டுத் தொழவும் நோன்பு நோற்கவும் இக்கால உலமாக்கள் வழி கூறியுள்ளனர்.

ஸுல்தானைக் கோபமூட்டிய சந்தேகத்துக்கு ஹதீஸில் முன்பே விடை இருந்தது. சூரியன் மறையாவிட்டாலும் தொழுகை மறையாது; கணிக்கும் பொறுப்பு மட்டும் கூடும். ஆனால், கணித்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளையை நிறைவேற்றக் கணிக்கத் தெரிந்த ஒருவர் ஜமாஅத்தில் இருக்க வேண்டுமே!

இறுதி மூச்சிலும் ஒரு மஸ்அலா

ஹிஜ்ரி 440, கி.பி. 1048இல் அல்பீரூனீ அவர்கள் மரணப் படுக்கையில் இருந்தார்கள். அல்வல்வாலிஜீ என்னும் ஃபகீஹ் நலம் விசாரிக்க வந்தார். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அந்நிலையில், முன்பு ஒருநாள் அவர் கூறிய வாரிசுரிமைச் சட்டத்தின் ஒரு மஸ்அலாவை, தாய் வழிப் பாட்டிமார் பங்கைப் பற்றியது, மீண்டும் விளக்குமாறு அவர்கள் கேட்டார்கள். இந்த நிலையிலா என்று அவர் இரக்கத்தோடு வினவினார். அதை அறியாதவனாக உலகை விட்டுப் போவதை விட அறிந்தவனாகப் போவதே மேலல்லவா என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். ஃபகீஹ் விளக்கினார்; அவர்கள் கேட்டு மனதில் பதித்துக்கொண்டார்கள். விடைபெற்றுத் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டதாக அந்த ஃபகீஹ் கூறுகிறார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

வானத்தை அளந்தவர் என்பதால் ஃபிக்ஹை அவர்கள் சிறிதாக எண்ணவில்லை. ஃபிக்ஹைக் கற்ற நாமும் வானத்தைச் சிறிதாக எண்ணலாகாது. நமக்குப் புரியாத ஒன்றைக் கேட்ட மாத்திரத்தில் அது மார்க்கத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளிக்குமுன், அறிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்போமாக. கஸ்னாவின் அவையில் ஓர் உயிரைக் காத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அடுத்த சம இராப்பகல் நாளன்று பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து, ஒரு குச்சியை நட்டு, லுஹருக்கு முன் அதன் மிகக் குறுகிய நிழலை அளந்து காட்டுங்கள். அஸர் வக்து எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தானே விளங்கும். தன் அத்தாட்சிகளைச் சிந்திக்கும் நல்லடியார்களின் கூட்டத்தில் அல்லாஹு தஆலா நம்மையும் நம் மக்களையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.